சாவி முதலில், டிஸ்கெட் பிறகு

நேற்றுச் சாப்பிடும்போது மகள் கைப்பேசியில் யாரிடமோ, “டெட்லாக் லா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது” என்று அலுத்துக்கொண்டாள். அவளும் என்னைப் போலக் கணினி நிரல் எழுதுபவள்தான். எனக்கோ சோறு மறந்து, ஈயம் பற்றவைக்கும் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. தொண்ணூறுகளில், பாயான் பாரு பக்கத்துத் தொழிற்சாலையில் எங்கள் ஆய்வுக்கூடம் அப்படித்தான் மணக்கும்.

என் ஊர் நிபோங் திபாலிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருவேன். வேலை நிரந்தரமாகாத காலம். கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு நிரல் எழுதினோம். அளக்கும் பகுதி என்னுடையது, முடிவுகளை அச்சடிக்கும் பகுதி, ஜெலுத்தோங்கிலிருந்து வேலைக்கு வரும் மங்கை அக்காவுடையது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று தொட்டதில் மற்றது கைவைக்காதிருக்க நிரலுக்குள்ளேயே லாக், அதாவது பூட்டு, போட்டிருந்தோம். அப்படியும் தினம் ஒருமுறை இயந்திரம் சிலையாகிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். பயத்தில், “கோளாறு ஒங்க பக்கந்தான்க்கா” என்று உளறித் தொலைத்தேன். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் கூடத்தில், நிரலின் மூலப் பிரதி இருந்த டிஸ்கெட், அந்தக் காலத்துக் கணினித் தட்டு, ஒன்றே ஒன்று, இயந்திரத்தின் சாவியும் ஒன்றே. இரண்டும் கையிலிருந்தால்தான் எதையும் திருத்தலாம். வியாழன் காலை நான் டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு சாவிக்காக உட்கார்ந்தேன். அக்கா சாவியை மடியில் வைத்துக்கொண்டு டிஸ்கெட்டுக்காக உட்கார்ந்திருந்தார். வாய்விட்டுக் கேட்டால் மானம் போய்விடுமே! தேநீர் நேரமும் வந்து போனது.

கடைசியில் அவர்தான் சிரித்துவிட்டார். “தம்பி, நம்ம ப்ரோக்ராமும் இப்படித்தான் லா உக்காந்திருக்கு!”

பாய்ந்துபோய்ப் பார்த்தோம். என் பகுதி சோதனை முடிவுகளின் பட்டியலைப் பூட்டிக்கொண்டு அச்சுப்பொறிக்குக் காத்திருந்தது. அவருடையது அச்சுப்பொறியைப் பூட்டிக்கொண்டு பட்டியலுக்குக் காத்திருந்தது. யாரானாலும் முதலில் பட்டியல், அடுத்து அச்சுப்பொறி என்று மாற்றினோம். அன்றும் மறுநாளும் இயந்திரம் நிற்கவே இல்லை. கூடத்திலும் அதே சட்டம் வந்தது: சாவி முதலில், டிஸ்கெட் பிறகு. சாவி கிடைக்காதவர் டிஸ்கெட்டைத் தொடக்கூடாது. எனக்கு வேலை நிலைத்தது. “தப்பு ரெண்டு பேருதும்” என்று மேலாளரிடம் அக்காவே போய்ச் சொன்னதை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

அந்தக் கூடம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பூட்டுகளை யாரோ முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புகளே பார்த்துக்கொள்கின்றன. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். இன்று என் நிரலின் மறுபாதியை எழுதுபவர் எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறார். ஐந்து வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். ஒருமுறைகூடச் சண்டை வந்ததில்லை, சேர்ந்து சிரித்ததும் இல்லை.