வேன் லிஸ்டில் ஆறாவது பெயர்

எனக்கு வாய் நீளம், ஆனால் பயந்தாங்கொள்ளி. ஓசூரில், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆபீசில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சூப்பர்வைசர்களோடு போனில் எகிறி எகிறிச் சண்டை போடுவேன். போனை வைத்ததும் முகத்தில் பயம் தெரிந்துவிடும். அதை யாரும் பார்த்துவிடாமல் ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து அகதி முகாமிலிருந்து அந்தப் பெண் வந்தபோதும் அப்படித்தான். எட்டு வயதில், இலங்கையில் சண்டை நடக்கும்போது அம்மாவோடு படகேறி வந்தவள். இப்போது இருபத்தேழு. பி.காம். படித்திருந்தாள். அவள் நீட்டிய முகாம் அட்டையைப் பார்த்ததும் மூன்று கம்பெனிகள் "அப்புறம் சொல்றோம்" என்றன. நாலாவது, சூளகிரியில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. அங்கேயும் சூப்பர்வைசர் இழுத்தார்.

"ஏங்க, அந்தப் பொண்ணு என்ன நிலாவுல இருந்தா எறங்கி வந்துச்சு? ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. சரியில்லைன்னா என்னையக் கேளுங்க" என்றேன்.

வைத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பும் மயிரிழை விரிசலை அவள் விரலால் தடவியே கண்டுபிடித்தாள். ஒரே மாதத்தில் அதே சூப்பர்வைசர், "அந்த மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா அனுப்புங்க மேடம்" என்றார். முகாமில் இரண்டு பெண்கள் வேலை தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் நேரில் நிற்க வேண்டும். அனுமதி வாங்காமல் மாநிலம் தாண்டக் கூடாது. இதில் எது பிசகினாலும் பதிவிலிருந்து பெயர் போய்விடும், திரும்பச் சேர்க்க வருடக்கணக்கில் அலைய வேண்டும். நான் தலையாட்டினேன். தலையாட்டியது பொய்யில்லை. ஆனால் ஓசூர்க்காரிக்கு எல்லை என்று ஒன்று இருப்பது எங்கே நினைவிருக்கிறது? ஆஸ்பத்திரி, கல்யாணம், ஜவுளி என்று நாங்கள் கர்நாடகாவுக்கு அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி போய் வருகிறோம். கடைப் பலகையில் எழுத்து மாறும், அவ்வளவுதான்.

கம்பெனியின் இன்னொரு யூனிட் கர்நாடகப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி இருக்கிறது. அங்கே திரும்பி வந்த சரக்கைச் சோதிக்க ஒருநாள் மட்டும் ஆறு பேர் வேண்டும் என்று மெயில் வந்தது. இருப்பவர்களில் நல்ல ஆறு பேராகப் பார்த்து வேனுக்கு லிஸ்ட் அடித்தேன். அவள் பெயர் ஆறாவது. அடிக்கும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு அவளுடைய அம்மாவிடமிருந்து போன்.

"பிள்ளையின்ர போன் எடுபடேல்ல, மகள். நாளைக்கு எண்டு சொன்ன கணக்கெடுப்பு இண்டைக்கு ரெண்டு மணிக்காம். அவளை ஒருக்கா அனுப்பி விடுவியளே?"

"அவ இன்னைக்கு இங்க இல்லம்மா. அத்திப்பள்ளி தாண்டி ஒரு யூனிட்டுக்கு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அந்த அம்மா மெல்ல, "அது மற்ற மாநிலமெல்லோ?" என்றார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் பயம்தான். பிடித்துவிட்டால் அவள் பெயர் போகும். பின்னால் வரவிருக்கும் இரண்டு பெண்களின் வேலை போகும். லிஸ்டில் கையெழுத்து யாருடையது என்று கேட்டால் என் வேலையும் போகும். உண்மையைச் சொன்னால், அந்தக் கடைசி நினைப்புதான் அடிக்கடி வந்தது.

யூனிட் கேட்டில் அவள் வீட்டில் உடம்பு சரியில்லை என்று புளுகி அவளை வெளியே கொண்டுவந்தேன். கேட்டில் கொடுத்து வைத்திருந்த போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"வேன்ல ஏன்மா ஏறுன? சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"ஏறினாப் பிறகுதான் எங்க போகுதெண்டு சொன்னவை. இறங்கினா இனிக் கூப்பிட மாட்டினமெண்டு பயந்திட்டன் அக்கா."

என்னிடம் ஒரே ஹெல்மெட். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். பின்னால் இருப்பது யார் என்று கன்னடத்தில் கேட்டார். தங்கச்சி என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். அவர் அவள் பக்கம் திரும்பி, "ஹெசரேனம்மா?" என்று பெயரைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தால் ஊரைக் கேட்பார், ஊரைச் சொன்னால் அட்டையைக் கேட்பார் என்று எனக்கு ஓடியது. அவளுக்குப் பேச வராது சார், பிறவியிலேயே அப்படி என்றேன். அவர் அவளை இரக்கமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். என் தோளைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சூளகிரி வரைக்கும் இளகவில்லை.

முகாமுக்குள் நுழையும்போது மணி இரண்டாக ஐந்து நிமிடம். மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார், வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். பெயர் கூப்பிட்டதும் "இருக்கிறன் ஐயா" என்றாள். எங்கே வேலை என்று கேட்டார். சூளகிரி என்றாள். அவர் ஒரு டிக் அடித்தார். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் பார்வை என்மேல் விழுந்தது.

"நீங்க யாரும்மா?"

"சும்மா, தெரிஞ்சவங்க சார்" என்றேன். பதினோரு வருடச் சண்டைக்காரியின் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதிகாரி போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். வேலைக்குக் காத்திருந்த அந்த இரண்டு பெண்களும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாளையிலேருந்து நான் வரேல்ல."

"இனிமே அந்தப் பக்கம் போற லிஸ்ட்ல உன் பேரப் போடவே மாட்டேன்மா. சத்தியமா."

"உங்களில எனக்குக் கோவமில்லை. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்ல, மறந்து போனியள்." அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த முறையும் மறப்பியள், அக்கா."

அப்படியெல்லாம் சொல்லாதே என்றேன். நல்ல வேலை, அவசரப்படாதே என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இனி இந்தப் பயம் எனக்கு இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அவள் அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள்.