கரி பஸ்ஸை நிறுத்தி வைத்தவன்

யுத்த காலத்தில் நான் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில், போர்டு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், பாதிப் பேருக்கு இங்கிலீஷ் என்றாலே பயம். பரிசோதனைக்கு வந்த அதிகாரி மார்க்குகளைப் பார்த்துவிட்டு, பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு தனி வகுப்பு வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். காரில் வந்து காரில் போகிறவருக்கு பஸ் எப்போது கிளம்பும் என்று என்ன தெரியும்?

பின்தங்கிய பையன்கள் எல்லோரும் இன்னும் மேற்கே இருந்த கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் குறைந்துபோய், சாயங்காலம் அவர்கள் பக்கம் போக ஒரே ஒரு கரி பஸ்தான் மிச்சம். பள்ளிக்கூட மணி அடித்த கொஞ்ச நேரத்தில் அது கிளம்பிவிடும். ஆகவே முதல் வாரம் என் தனி வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் என்றால், வக்கீல் குமாஸ்தா மகனும் ஜவுளிக்கடைக்காரர் மகனும். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள், இன்னும் நன்றாகப் படிக்க வந்திருந்தார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கிராமத்துப் பையன்களில் ஒருவன் ஏற்கெனவே ஒரு தடவை தவறியவன். வகுப்பில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம். எழுந்து நின்று இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னால் கழுத்தெல்லாம் வேர்க்கும். அவன் அப்பா பருத்தி போடுகிற சம்சாரி, சந்தைக்கு வந்தபோது என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இந்த வருசமும் பெயிலானான்னா பள்ளிக்கூடம் வேணாம் சார். காட்டுல ஆளு இல்லாம நான் ஒருத்தனாக் கெடந்து சாகுறேன்."

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். அந்தத் தனி வகுப்பு வேறு யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அவனுக்குக் கட்டாயம் வேண்டும்.

நான் பஸ் டிரைவரிடம் போய் நின்றேன். "அண்ணே, ஒரு அரைமணி நேரம் நிறுத்தி எடுக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். பஸ்ஸின் முதுகில் சுமந்துகொண்டிருந்த கரி டிரம்மைக் காட்டினார். அதற்குள் கரி கனன்றால்தான் புகை வரும், புகை வந்தால்தான் இன்ஜின் ஓடும். அடியில் இருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கணப்பு இறங்கிவிடும்.

"நிப்பாட்டுறதுக்கு எனக்கென்ன வாத்தியாரய்யா? கிளீனர் பய பட்டாளத்துக்குப் போயிட்டான். நிக்கிற நேரம் பூராம் காத்தாடியச் சுத்துறது யாரு? உங்க பயல்ல ஒருத்தன அனுப்புங்க, நிப்பாட்டுறேன்."

முறை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தினம் ஒருவன் மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடிக் காற்றாடி சுற்றுவான். மற்றவர்கள் வகுப்பில் இருப்பார்கள். ஒருவனுக்கு வாரத்தில் ஒரு வகுப்பு போகும், அவ்வளவுதான். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது தினமும் காலியாக இருந்தது, ஏற்கெனவே தவறிய அந்த உயரமான பையனின் இடம்தான். மற்றவர்களுக்குச் சுற்றினால் கை கடுத்தது, கண் எரிந்தது. இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துப் பழகிய கை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன்டா தினம் நீயே போறே?"

"மத்தவங்க சுத்துனா கணப்பு நிக்க மாட்டேங்குது சார். டிரைவரண்ணே என்னையத்தேன் வரச் சொல்றாரு."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என் வகுப்பில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்க எப்படி முடியும்? வகுப்பில் அவன் கேட்டதெல்லாம் "தப்பு, உட்கார்" என்பதுதான். அங்கே ஒரு பெரிய மனிதர் கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுத்தார்.

அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அவனை உட்காரவைத்துவிட்டு வேறொருவனை அனுப்பினேன். போனவன் சுற்றிய லட்சணத்தில் கணப்பு இறங்கி, பஸ் பாதி வழியில் முக்கி நின்று, ஜனங்கள் இருட்டில் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார். "அந்தப் பய வந்தா நிப்பாட்டுறேன். இல்லேன்னா நேரத்துக்கு எடுத்துருவேன். மொதலாளிக்குப் பதில் சொல்லி மாளல."

ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒருத்தனுக்காக மத்தவங்களை எல்லாம் விட்டுட முடியுமா?" என்றார். முடியாது என்று எனக்கும் தெரியும். அவன் ஒருவனை வகுப்பில் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. பஸ் போய்விட்டால் அவனும்தானே நடக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். விடியாத கருக்கலில் எழுந்து தண்ணீர் இறைத்துவிட்டு வருகிற பையன். கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், இரண்டாவது வரியில் தலை தொங்கிவிடும். எழுப்பினால் பதறி எழுந்து, "கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன் சார்" என்பான். எனக்கு அடிக்கவும் தோன்றவில்லை, மறுபடி எழுப்பவும் தோன்றவில்லை. அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூடத்து ஊரிலேயே என் வீட்டில் தங்கட்டும் என்று அவன் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். விடிகாலையில் மாட்டை யார் பூட்டுவது என்று பதில் வந்தது.

வருஷப் பரீட்சையில் கிராமத்துப் பையன்கள் ஏறக்குறைய எல்லோரும் தேறினார்கள். ஹெட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தனி வகுப்பு பெரிய வெற்றி என்று போர்டுக்கு எழுதிப்போட்டார். அவன் தவறிவிட்டான். இங்கிலீஷில் மட்டும்.

அவன் அப்பாவைப் பார்க்க ஊருக்கே போனேன். அவர் காட்டில் காய்ந்து நின்ற பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வருஷம் விட்டுப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவர் நிமிர்ந்து, என்மேல் இரக்கப்பட்டவர்போல் பார்த்தார்.

"நீங்க நல்லாத்தேன் சொல்லிக் குடுத்தீக சார். கூடப் படிச்ச பயலுக அம்புட்டுப் பேரும் பாஸாயிட்டானுகல்ல? இவன் மண்டைல ஏறல. நீங்க என்ன செய்வீக?"

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? டிரைவரைக் குறை சொல்வதா, மற்றப் பையன்களைக் குறை சொல்வதா? கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தனி வகுப்பும் திரும்ப ஆரம்பமாயிற்று. புதுசாகச் சேர்ந்த கிராமத்துப் பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன்கூட எழுந்து போகவில்லை. முறை இல்லையாடா என்று கேட்டதற்கு, வேண்டியதில்லை என்றார்கள், பஸ் தானாகவே நிற்கிறதாம். சந்தேகத்தோடு வகுப்பைச் சீக்கிரம் முடித்து, அவர்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸடிக்கு வேகமாக நடந்தேன்.

பின்பக்கம் டிரம்முக்குக் கீழே அவன் குந்தியிருந்தான். காக்கி டிரவுசர், முகமெல்லாம் கரி. காட்டு வேலையைவிட இதில் கையில் காசு புழங்கும், அந்தக் காசில் காட்டுக்குக் கூலி ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் அப்பா கிளீனர் வேலைக்கு அனுப்பிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அப்போதும் காற்றாடியை விடவில்லை, ஒரு கை அதைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எதுக்கு சார் இப்பிடி ஓடியாரீக? பயலுகளுக்கு நிதானமாச் சொல்லிக் குடுத்து அனுப்புங்க. வண்டி போகாது, நான் இருக்கேன்ல?"