அந்த அக்கா சொன்ன திசை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாத மத்தியானம். தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் மைக்கும் கையுமாக நின்றிருந்தேன். செய்தி சேனல் ஒன்றில் மாவட்ட நிருபராகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர். கடலைப் பற்றி என்னைக் கேட்டால், உப்புக் கரிக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் வாய் மட்டும் காது வரை. மைக்கைப் பிடித்துவிட்டால் என்னை அடிக்க ஆளில்லை என்ற நினைப்பு வேறு!

முந்தின நாள் சாயங்காலம் தூண்டில் போடப் போன மீனவர் ஒருவர் கரை திரும்பவில்லை. கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் சின்ன வள்ளத்தில் தனியாகப் போயிருக்கிறார். விடியற்காலை வந்திருக்க வேண்டியவர். ராத்திரி காற்று பேயாட்டம் ஆடியிருந்தது. அவரைத் தேடி, காலையிலேயே இருபது முப்பது படகுகள் தெற்கே போய்விட்டன. தெற்கேதான் போனார் என்று சொன்னது அவருடைய மனைவி.

அந்த அக்கா மீன் ஏலக் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். அழவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். என் காதில் இருந்த இயர்போனில் சென்னை டெஸ்க் உயிரை எடுத்தது. அடுத்த சேனலில் செய்தி ஓட ஆரம்பித்துவிட்டதாம், இன்னும் ஐந்து நிமிடத்தில் லைவ், மனைவி அழுகிற காட்சி கட்டாயம் வேண்டுமாம். அழாத மனுஷியை நான் எப்படி அழவைப்பது? அப்போதுதான் எனக்கு அந்த அதிபுத்திசாலித்தனமான யோசனை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி, அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கணவரின் போட்டோவை எடுத்துவரச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் அக்கா என்று நீட்டினேன்.

லைவ் ஓட ஆரம்பித்திருந்தது. அவர் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏளா, போட்டோவப் புடிச்சிக்கிட்டு நிக்கதுக்கு அவிய என்ன செத்தா போனாவ?”

தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எட்டு மாதத்தில் முதல் முறையாக மைக் முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. நான் பேசாமல் நின்ற அந்த நேரத்தில்தான் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“நான் பொய் சொல்லிட்டேன். அவிய தெக்க போகல. வடக்க போயிருக்காவ.”

விஷயம் இதுதான். கடலுக்கடியில் பாறைத் திட்டு ஒன்றை அவர் கணவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதைப் ‘பார்’ என்பார்கள். அங்கே மீன் அள்ளும். எங்கே இருக்கிறது என்று மனைவியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது; கூடப் போகிறவரைக்கூட அங்கே அழைத்துப் போனதில்லை. எங்கே போயிருக்கிறார் என்று யார் கேட்டாலும் தெற்கே என்று சொல்லும்படி மனைவியைப் பழக்கி வைத்திருந்தார். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பொய், காலையில் கேட்டதும் தானாக வந்துவிட்டது. அதை நம்பி அத்தனை படகும் கிளம்பிய பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. ஊரே வைக்கோல் மாதிரி பற்றிக்கொள்ளுமே என்ற பயத்தில் வாயைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறார்.

திறந்த பிறகு நிறுத்தவே இல்லை. வடக்கே போய்க்கொண்டே இருந்தால், தெர்மல் மின் நிலையச் சிம்னிகளில் கடைசிச் சிம்னி லைட் ஹவுஸுக்குப் பின்னால் போய் மறையும். அப்போது கரையைப் பார்த்தால் கோயில் கோபுரத்துச் சிலுவை தண்ணீர் டேங்குக்கு நட்ட நடுவில் நிற்கும். அந்த இடம்தான் பார் என்றார். இயர்போனில் டெஸ்க் கத்தியது. என்ன உளறுகிறார்கள், ஸ்டூடியோவுக்குத் திரும்புகிறோம் என்றார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, இயர்போனைப் பிடுங்கித் தோளில் போட்டுவிட்டு, கேமராவுக்கு முன்னால் பாய்ந்து, அவர் சொன்னதையே உரக்கத் திருப்பிச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும் நிருபரைப் பாதியில் வெட்ட யோசிப்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் படபடப்பில் முதல் சிம்னி என்று சொல்லித் தொலைத்தேன்.

“கடைசிச் சிம்னின்னு சொன்னேம்லா. ஒழுங்காச் சொல்லு.”

சரியாகச் சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன். என் தலைமுறையே மனப்பாடம் செய்யும் அளவுக்குச் சொன்னேன்!

தெற்கே தேடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு போன் போகவில்லை. போன் கிடைத்தவர்களும் வடக்கே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆனால் வைப்பாறு பக்கத்துப் படகு ஒன்று, வடக்கே கரையோரமாக வலை போட்டுவிட்டு நின்றிருக்கிறது. அதில் ஒருவர் செல்போனில் எங்கள் லைவைப் பார்த்திருக்கிறார். வலையை அப்படியே விட்டுவிட்டு, சிலுவையையும் சிம்னியையும் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மூன்றே கால் மணிக்கு, மீனவர் சங்கத் தலைவருக்குப் போன் வந்தது. அவர் காதில் வைத்த போனை எடுக்காமலேயே, உயிரோடு இருக்கிறான் என்று கையை ஆட்டினார். வள்ளம் கவிழ்ந்தும், நங்கூரம் அந்தப் பாரிலேயே மாட்டிக் கிடந்திருக்கிறது. அவர் கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் ஏறி, நங்கூரக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான் அந்தச் செய்தியை லைவில் சொல்லும்போது சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. டெஸ்க்குக்கு அவர்கள் கேட்ட அழுகைக் காட்சி கிடைத்துவிட்டது. அழுதது நான்.

சாயங்காலம் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நடந்து வந்தார். மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“பாரை டிவில சொல்லிட்டியாமே?”

அதுவரை கல்லாக நின்ற அந்த அக்கா அவர் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, அப்படியே அவர் மேல் சாய்ந்து ஓவென்று அழுதார். கேமராமேன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையால் லென்ஸை மறைத்தேன். அதற்காக வாங்கிய திட்டு தனிக் கதை.

இரண்டு மாதம் கழித்து, கேமரா இல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போட்டோ விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டு, மீன் குழம்போடு சோறு போட்டார். அந்தப் பாருக்கு இப்போது நாள் தவறாமல் பத்துப் படகு போகிறதாம். வீட்டுக்காரர் அவரோடு மூன்று நாள் பேசவில்லையாம். பிறகு எப்படியோ புதிதாக ஒரு பாரைக் கண்டுபிடித்துவிட்டாராம். நான் போன அன்றும் அவர் அங்கேதான் போயிருந்தார். வாய் சும்மா இருக்குமா எனக்கு? அது எந்தப் பக்கம் அக்கா என்று கேட்டேன்.

அவர் கண்ணை இமைக்காமல் சொன்னார்: “தெக்க.”

அன்றிலிருந்து, துயரத்தில் நிற்கும் ஒருவரிடம் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதே இல்லை. மைக்கை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன், ஏனென்றால் நான் பேச்சு வராமல் நின்ற அந்தச் சில நொடிகளில்தான் ஓர் உயிர் கரை சேர்ந்தது.