கடற்கரைக்கு ஐந்து ஸ்வெட்டர்

பெங்களூர்க்காரர்களான நாங்கள் நரகத்துக்குப் போனாலும் ஸ்வெட்டர் இல்லாமல் போக மாட்டோம். தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், ஜோகுபாளையத்திலிருந்து வேன் பிடித்துத் தரங்கம்பாடிக்குப் போனோம். கூட்டமில்லாத கடற்கரை, பக்கத்திலேயே டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. சித்தப்பா அதை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"நம்ம கண்டோன்மென்ட்ல இந்தமாதிரி கட்டடத்துலதான் ரேஷன் கார்டு குடுக்கறாங்க."

பிறகு, கடல்காற்று ஒத்துக்கொள்ளாது என்று பிள்ளைகள் எங்கள் ஐந்து பேருக்கும் ஸ்வெட்டரை மாட்டி, போட்டோ எடுக்கக் கோட்டை முன்னால் நிறுத்தினார். வியர்வை ஆறாக ஓடியது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துப் பதறிப்போய் ஓடி வந்தார்.

"உடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா, நாங்க பெங்களூரு" என்றார் சித்தப்பா பெருமையாக.

"அங்கேயே வச்சு வைத்தியம் பாத்திருக்கலாமே!"