மிலிட்டரி டாக்டர் வைத்துக்கொடுத்த கை

மகன் வாங்கியிருக்கும் புது ஃபிளாட்டில் போன வாரம் ஃபால்ஸ் சீலிங் வேலை நடந்தது. ஆட்கள் வாளியில் பிஓபி மாவைக் கரைத்ததும் ஈரச் சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசனை எழும்பியது. காபி கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். தள்ளி நிற்கச் சொன்னார்கள், மேலே தெறிக்குமாம். அந்த மாவு என் மேல் ஏற்கெனவே ஒருமுறை நன்றாகவே தெறித்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தினமும் கிணத்துக்கடவில் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, ஒரு பம்ப் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். டைப்பிஸ்ட் வேலை. சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, நடை மட்டும் மேனேஜர் நடை. அந்த மிதப்பில் ஒருநாள், பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கினேன். வலது முழங்கை நொறுங்கிப்போனது.

அம்மா இல்லாத வீடு. அப்பாதான் மிலிட்டரி டாக்டரின் எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரும் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்தான். படித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்து, சண்டை நடந்த எல்லையில் கூடாரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர். திரும்பி வந்த பிறகுதான் எலும்பு வைத்தியத்தைத் தனியாகப் படித்தார். மீசை இன்னும் பட்டாளத்தில் இருக்கிறது, பேச்சுதான் ஊருக்கு வந்துவிட்டது என்று நர்ஸ்கள் சிரிப்பார்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். மூட்டு இனி மடங்காது, எப்படி வைத்துக் கட்டுகிறாரோ அப்படியே நின்றுவிடும். அப்பா நீட்டியே வைக்கச் சொன்னார். நீட்டிய கை சேலைத் தலைப்பில் மறைந்துவிடும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. பாவம், அவர் பயம் அவருக்கு.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலைங்க பண்றீங்க, அம்மணி?"

டைப்பிஸ்ட் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

முன்னறையில் இருந்த டைப்ரைட்டரை எடுத்துவரச் சொன்னார். வலிக்கு ஊசி போட்டு, அதன் முன்னால் என்னை உட்காரவைத்து, விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தார். கை அந்த வாக்கில் இருக்கும்போதே மாவுக்கட்டுப் போட்டார். அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். மாவு இறுக இறுகச் சூடேறும். அந்த வெதுவெதுப்பில் நான் அசையாமல் இருந்தபோது டாக்டர் தானாகவே பேசினார்.

"சண்டையில யாரையும் கேக்க நேரமில்லீங்க. ஒரு ஜவானுக்கு ரெண்டு கையையும் நீட்டினாப்புலயே வெச்சுக் கட்டிப்போட்டேன். கை பொழைச்சுது. சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியலைன்னு ஊர்ல இருந்து காயிதம் எழுதச் சொல்லிப் போட்டான்."

கட்டை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்:

"நல்லாயிட்டவங்க திரும்பி வர்றதே இல்லீங்க. நீங்க வேலைக்குப் போனா ஒருக்கா வந்து சொல்லிட்டுப் போங்க, கண்ணு."

சரிங்க என்றேன்.

கட்டுப் பிரித்த அன்று அவர் வால்பாறைக்கு எஸ்டேட் ஆட்களைப் பார்க்கப் போயிருந்தார். உதவி டாக்டர்தான் பிரித்தார். மறுவாரமே வேலைக்குப் போனேன். கை டைப்ரைட்டருக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபித் தட்டு நீட்டவும் அந்தக் கோணம் தோதாகத்தான் இருந்தது! தலைக்குத்தான் கை எட்டாது. வராந்தாவுக்குப் போன அதே அப்பாதான் கல்யாணம் வரைக்கும் தினமும் எனக்குச் சடை பின்னிவிட்டார். தென்னங்கயிறு திரித்த கை அல்லவா, சடையும் கயிறு மாதிரியே விறைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சடைக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன்.

ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு. இந்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று வருடங்கள் ஓடின. உங்களிடம் பொய் சொல்வானேன், போகாததற்கு ஒரு காரணமும் கிடையாது. சோம்பல்தான். ஒருநாள் பேப்பரில் அவர் படம் வந்தது, கொடி போர்த்தி அடக்கம் செய்தார்கள் என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரியை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தை என்னாலேயே அடையாளம் சொல்ல முடிவதில்லை.

இருபத்தெட்டு வருடம் டைப் அடித்தேன். டெல்லி, பம்பாய் என்று எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் அடித்திருக்கிறேன். கை நன்றாக இருக்கிறது டாக்டர் என்று அவருக்கு மட்டும் ஒரு வரி அடிக்கவில்லை.