பி.பி. மெஷினைப் பழுதுபார்க்கப் போன நாள்

ஐப்பசி பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கடலூரில் ஐந்தாவது நாளாக விட்டுவிட்டுத் தூறல்.

எனக்கு 152-க்கு 90. ஆறரைக்கு 138. காபி குடித்த கையோடு பார்த்தபோது 160. இதயம் கைவிட்டுவிடுமோ என்ற பயத்தில் ஒரு நாளைக்குப் பதினோரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் பொய் சொல்கிறதா என்று சோதிக்க ஒரு வழியும் வைத்திருந்தேன். என் மனைவியின் தம்பி தினமும் பேப்பர் படிக்க வருவார். வயது அறுபத்து நான்கு. எப்போதும் 120-க்கு 80, நாடி 72. எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பதுபோல், அவரை வைத்து மெஷினைச் சரிபார்ப்பேன்.

அன்று எங்கள் மாடிக்குப் பதினெட்டுப் படி ஏறுவதற்குள் அவர் இரண்டு இடத்தில் நின்றார்.

"என்ன மச்சான், மூச்சு வாங்குது?"

"நாலு நாளா இப்படித்தான் மாமா. மழைக்காலம்ல? நீங்க உங்க பூசைய ஆரம்பிங்க" என்று கையை நீட்டினார்.

நாடி 134. ஐந்து நிமிடம் கழித்து 91. மறுபடி 142. மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன்.

வாங்கியது சிதம்பரத்தில். உத்தரவாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. கடையில் சோதித்துக் காட்ட ஆள் வேண்டுமே என்று அவரையும் கூட்டிக்கொண்டு எட்டே காலுக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பட்டையை முதலில் தன் கையில் கட்டினார். சரியாக இருந்தது. என்னை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்துப் பார்த்தார்: பிரஷர் 134. மச்சானுக்கு மூன்று முறை பார்த்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். ஐயா, தலை சுத்துதா?"

"லேசா. பஸ் ஏறுனதுலருந்து."

"மெஷின தூக்கிட்டு வந்தீங்களே சார், மனுசன ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போவலையா? கெளம்புங்க!"

ஆட்டோவில் என் நாடியை எண்ண மறந்துபோனேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்துடிப்பு தாளம் தப்பியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர் அம்மா.

"பிரஷர் கொஞ்சம் ஏறி எறங்கறது எல்லாருக்கும் உண்டு. நாடி தாறுமாறா ஓடி, கூடவே மூச்சு வாங்குனா, தலை சுத்துனா அன்னைக்கே வரணும். நெஞ்சு வலி, மயக்கம், வாய் குழறல், ஒரு பக்கம் கை கால் வெளங்காமப் போறதுன்னா மெஷினையே தேடக் கூடாது. 108-க்குத்தான் போன் பண்ணணும்."

"நான் தினம் பதினோரு தடவ பாக்கறேன் டாக்டர்."

"காலைல, சாயந்தரம் பாருங்க. போதும். அதையும் காபிக்கு முன்னாடி."

"காபிய நிறுத்தச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்றார் படுக்கையிலிருந்து மச்சான். "அப்புறம் எங்க மாமாவுக்கு வேற நோய் வந்துரும்."

இரண்டாம் நாள் அவர் நாடி 76-க்கு வந்து நின்றது. பில்லுக்கு நீண்ட அவர் கையை விலக்கினேன். மெஷின்தான் கெட்டது என்று சொன்னவன் நான். அபராதமும் என்னுடையதாக இருக்கட்டும். பஸ், ஆட்டோ, ஈ.சி.ஜி., எக்கோ, படுக்கை, மாத்திரை எல்லாம் சேர்த்து 8,746 ரூபாய்.