மாமன் மடி

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை மூளிக்காதி என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லாம் அம்மாவின் பிடிவாதத்தால் நான் பட்ட பாடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கிருந்த ஒரே மாமாவோ திருமயத்துக்கு அப்பால் பெருவியாதிக்காரர்களின் காலனியில் இருந்தார். சொந்தத்தில் வேறொருவர் மடியில் வைத்துக் குத்திவிடலாமே என்று அப்பா சொல்லாத நாளில்லை. "எந்தம்பி உசுரோட இருக்கையில அடுத்தவன் மடி எதுக்குங்கிறேன்?" என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

கடைசியில், மாத்திரையில் நோய் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று காலனி டாக்டரே சொன்ன பிறகு அப்பா அரை மனதாகத் தலையாட்டினார். கேட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று அரிமளத்து ஆசாரி கறாராகச் சொல்லிவிட்டதால், வெளியே புளியமரத்தடியில் ஏற்பாடு.

மாமா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். விரல் மடங்கிப்போன கைகள் துண்டுக்குள் இருந்தன. பக்கத்தில் கடைக் காகிதம் பிரிக்காத சீட்டிப் பாவாடை, மாமன் சீர்.

"நான் தொடலக்கா. வாச்சுமேன்தான் வாங்கியாந்து வச்சாரு" என்றார் முதல் வார்த்தையாக.

வேலிக்குள்ளே காலனி சனம் கூடிவிட்டது. குழந்தையைப் பார்த்து எத்தனை காலமாயிற்றோ, அப்படி ஒரு சிரிப்பு அவர்கள் முகத்தில். நானும் மாலையும் கழுத்துமாக மாமா மடியில் ஏறப் போனேன். அவர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"வேணாங்க்கா. பொட்டப்புள்ள. நாளப்பின்ன கட்டிக்குடுக்கையில, இவன் மடியில ஒக்காந்தவன்னு சொல்லிக்காட்டுவாங்க."

"டாக்டரே சொல்லிட்டாருடா!"

"டாக்டரா வந்து பொண்ணு கேக்கப் போறாரு? நீயே வச்சுக்க."

அம்மா அழுதுகொண்டே என்னைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி இறங்கியதும் வீலென்று கத்தினேன். ஓடி வந்த மாமா பாதியிலேயே நின்றுவிட்டார். "ஆச்சு தாயி, ஆச்சு" என்று அங்கிருந்தே சொன்னார். பாவி மனுசர், அப்போதாவது ஒரு தடவை என்னைத் தொட்டிருக்கலாம். இன்றும் எனக்கு அந்த ஆதங்கம் தீரவில்லை.

மாமாவுக்கு என்ன வியாதி என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எங்கள் வீட்டில், புழுதியில் புரண்டுவிட்டு வந்தால்தான் "தொடாதே, தள்ளி நில்லு" என்பார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். கேட்டைப் பார்த்து நடந்தவரை ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"மாமா, நான் அழுக்கா இல்ல மாமா. காலையில சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

மாமா நின்றார். திரும்பவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதேன். காது வலிக்கிறதென்று அம்மா ஊதிவிட்டுக்கொண்டே வந்தாள். நான் அழுதது, நான் சொன்னதை மாமா நம்பவில்லையே என்று.